கொடிவழி எழுத ஆள் வைப்பதா, நாமே தேடுவதா? செட்டிநாட்டுக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொடிவழி, அதாவது வம்சாவளி, என்று முதலில் என் அப்பத்தா வழியை மட்டும் ஒரு நோட்டில் எழுதினேன். அதைப் பார்த்துப் பங்காளிகள் கேட்டார்கள், பிறகு சம்பந்திப்புரத்தார் கேட்டார்கள். கல்யாண வீட்டுப் பந்தியிலும், படைப்புக்கு (முன்னோருக்குப் படைக்கும் வழிபாட்டுக்கு) கூடும் இடத்திலும், வெளிநாட்டிலிருந்து வாட்ஸ்அப்பிலும் திரும்பத் திரும்ப வரும் ஐயங்கள் இவை. கேட்டவர்களின் வார்த்தைகளை மாற்றாமல் தந்திருக்கிறேன்.

ஆள் வைத்து எழுதுவதா, நாமே எழுதுவதா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

முதல் மூன்று, நான்கு தலைமுறைகளை நீங்களே எழுதுங்கள். அதற்கு மேல் எங்கே வழி அடைபடுகிறதோ, அந்த ஒரு இடத்துக்கு மட்டும் ஆள் தேடுங்கள்.

நெருங்கிய தலைமுறைகளின் செய்தி பெரும்பாலும் காகிதத்தில் இல்லை, வீட்டுப் பெரியவர்களின் நினைவில்தான் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தால், குழந்தையாக இறந்துபோன மூத்த பிள்ளையின் பெயரை எந்த ஆச்சியும் சொல்ல மாட்டார். பேரனோ பேத்தியோ பக்கத்தில் அமர்ந்து கேட்டால் சொல்வார். இந்த வேலையைக் காசு கொடுத்து வாங்க முடியாது. ஆவணக் காப்பகமும் பதிவு அலுவலகமும் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். தொண்ணூறு வயது ஆச்சியைத்தான் முதலில் போய்ப் பார்க்க வேண்டும்.

ஐயா (தாத்தா) பெயருக்கு மேல் எனக்கு ஒன்றுமே தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?

உங்களிலிருந்து தொடங்கி மேலே போங்கள். புகழ்பெற்ற ஒரு முன்னோரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி வந்து உங்களுடன் ஒட்டவைக்கப் பார்த்தால் தவறு நேரும்.

பெரியவர்களிடம் "நம் வம்சத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் பதில் வராது. "உங்கள் கல்யாணத்துக்கு எந்தெந்த ஊரிலிருந்து வந்தார்கள்?", "வளவில் எந்த அறை யாருக்கு?" என்று கேளுங்கள். செட்டிநாட்டு வீட்டில் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில், ஓர் அறை உண்டு. அறைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தால் அண்ணன் தம்பிகள் வரிசையும் கிளைகளும் தாமே வந்துவிடும். கைபேசியில் பேச்சைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒரே கேள்வியை ஆறு மாதம் கழித்து மறுபடியும் கேளுங்கள், விட்டுப்போன ஒருவர் அப்போது நினைவுக்கு வருவார்.

விலாசத்தைப் பிரித்தாலே முன்னோர் பெயர் கிடைத்துவிடும் என்கிறார்களே?

பாதி உண்மை. விலாசம் என்று இங்கே சொல்வது முகவரியை அல்ல, முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளால் ஆன குடும்ப, தொழில் அடையாளத்தை. எடுத்துக்காட்டாக, "மு. லெ. மு." என்பதை "மூனா லேனா மூனா" என்று படிப்போம். முத்தையா மகன் லெட்சுமணன், அவர் மகன் முத்தையா என்று பிரிக்கலாம். தந்தைவழி ஐயாவின் பெயரை முதல் பேரனுக்கு இடும் வழக்கம் இருப்பதால் இப்படிப் பெயர்கள் மாறி மாறி வரும். அதுவே ஆபத்தும் கூட. நூறு ஆண்டுக் காலத்தில் ஒரே வீட்டில் மூன்று முத்தையாக்கள் இருப்பார்கள். ஒருவர் வாங்கிய நிலத்தை இன்னொருவர் பெயரில் எழுதிவிடுவது எளிது.

இன்னொன்று, தொழில் நன்றாக நடந்த விலாசத்தைப் பின்வந்தவர்கள் மாற்றாமல் வைத்துக்கொண்டார்கள். அப்படி உறைந்துபோன விலாசத்தில் எழுத்துக்கும் தலைமுறைக்கும் நேர்க்கணக்கு இராது. கூட்டு வியாபாரத்தில் பங்குதாரர் பெயரின் எழுத்தும் சேர்ந்திருக்கலாம். விலாசத்தை ஒரு துப்பாக வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்துக்கும் வேறொரு சான்று தேடுங்கள்.

கோயிலில் கேட்டால் முழு வம்சமும் கிடைக்குமா?

நகரத்தாருக்கு (நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கு) கோயில்கள் ஒன்பது: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோயில், இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி. இளையாத்தங்குடியிலும் மாத்தூரிலும் உட்பிரிவுகள் ஏழேழு. கல்யாணத்துக்குக் கோயில் மாலை வாங்கும்போதே அந்தத் திருமணம் கோயிலில் பதிவாகிறது. கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி, துணையை இழந்தவர் அரைப்புள்ளி. புள்ளிக் கணக்கு ஊர்வாரியாக இருப்பதால், ஒரு குறிப்பிட்ட காலத்தில் உங்கள் வீட்டார் எந்த ஊரில் எத்தனை புள்ளி என்பதை அதிலிருந்து அறியலாம்.

ஆனால் புள்ளிக் கணக்கு வரிக்காக எழுதப்பட்டது. கல்யாணமாகாமல் இறந்தவர்கள் அதில் வர மாட்டார்கள். கோயில் அலுவலகத்தில் கேட்கும்போதும் அந்தக் கோயில் பங்காளி ஒருவர் நேரில் போய்க் கேட்பதே முறை. கூலிக்கு வந்த ஆய்வாளருக்கு ஏட்டைக் காட்டத் தயங்குவது நியாயம்தான். இதனால்தான் இந்த வேலையையும் உங்கள் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

பூட்டிக் கிடக்கும் வீட்டில் எதைத் தேடுவது? பழைய காகிதத்தை எல்லாம் எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார் சித்தப்பா.

தயவுசெய்து போடாதீர்கள். சித்தப்பாவிடம் ஒரு வாரம் தவணை கேளுங்கள்.

பெட்டக அறையில் முதலில் தேட வேண்டியது இசைகுடிமானம், அதாவது கல்யாண ஒப்பந்தம். இரு வீட்டாரின் பெயர், ஊர், நாள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். அடுத்தது மொய்ப்பண ஏடு. யார் யார் வந்தார்கள் என்பது அங்கே உறவு வட்டத்தின் படமாகவே விரியும். பிறகு ஜாதகக் கட்டுகள், பாகப் பிரிவினைப் பத்திரம், பேரேடு, ஐந்தொகை (இருப்புநிலைக் குறிப்பு), வெளியூர்க் கடையிலிருந்து வந்த கடிதங்கள். கடித உறைகளையும் எறியாதீர்கள், கடை இருந்த தெருவின் பெயர் உறைமேல்தான் இருக்கும்.

காகிதமே இல்லாத வீட்டிலும் பாத்திரம் இருக்கும். ஒரு வீட்டில் ஆளுயர அண்டாவை நாங்கள் நால்வர் சேர்ந்து சாய்த்தோம். கழுத்துப் பகுதியில் புளி போட்டுத் தேய்க்கத் தேய்க்க மூன்று எழுத்துகள் தெரிந்தன. அந்த வீட்டு விலாசமே இல்லை அது. மருமகளாக வந்த ஆச்சியின் பிறந்த வீட்டு விலாசம். சீராக வந்த பாத்திரத்தில் பெண்ணின் தகப்பனார் பெயர் வெட்டியிருந்தார்கள். எந்தப் பத்திரத்திலும் கிடைக்காத ஒரு பெண்ணின் வழி, அந்த அண்டாவின் கழுத்தில் கிடைத்தது. அன்று வீட்டுக்கு வந்தும் வெகுநேரம் எனக்கு வேறு நினைவே இல்லை.

ஒவ்வொரு பொருளையும் அது இருந்த இடத்திலேயே முதலில் படம் எடுங்கள். கட்டைப் பிரித்தால் எந்தக் கட்டில் எந்தத் தாள் இருந்தது என்று எழுதி வையுங்கள். கிழிந்த தாளுக்கு ஒட்டுநாடா போடவே கூடாது, சில ஆண்டுகளில் பசை மஞ்சளித்து எழுத்தைத் தின்றுவிடும்.

ஏட்டை எடுத்துவிட்டோம், படிக்கத்தான் முடியவில்லை. எழுத்தா குறியா என்றே தெரியவில்லை.

இரண்டும் கலந்திருக்கும். ௵ என்றால் வருடம், ௴ மாதம், ௳ நாள். ௶ பற்று, ௷ வரவு, ௹ ரூபாய். ௸ என்பது "மேற்படி". இதை ஒருவரின் தலைப்பெழுத்து என்று எண்ணிக் குழம்பியவர்கள் உண்டு. எண்ணில் ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். இவற்றை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பேரேட்டின் தலைப்பு வரிகளை ஒரு வாரத்தில் படிக்கத் தொடங்கிவிடலாம்.

ஆண்டுதான் பெரிய சிக்கல். "விபவ வருஷம்" என்று மட்டும் இருந்தால் அது 1868-69 ஆகவும் இருக்கலாம், 1928-29 ஆகவும் இருக்கலாம். ஜாதகமானால் குருவையும் சனியையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அறுபது ஆண்டில் அவை இரண்டும் ஏறத்தாழப் பழைய இடத்துக்கே வந்துவிடும். ராகு, கேது வாரா. ஒரு சுற்றுக்குப் பதினெட்டரை ஆண்டுக்குச் சற்றே கூடுதலாக எடுப்பதால், அறுபது ஆண்டில் இரண்டு மூன்று ராசி தள்ளி நிற்கும். நல்ல சோதிடர் ஒருவர் இதைப் பார்த்து எந்தச் சுற்று என்று சொல்லிவிடுவார்.

அப்படியானால் எதற்குத்தான் ஆள் வைக்க வேண்டும்?

மூன்று நிலைகளில் தயங்காமல் வையுங்கள். ஓலைச்சுவடியும் கூட்டெழுத்துக் கணக்கும் கட்டுக்கட்டாக இருந்து, படிக்க வீட்டில் ஆள் இல்லாதபோது. ஆவணம் வெளிநாட்டில் இருக்கும்போது: ஒரே ஒரு கோப்புக்காக லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்துக்கு நீங்கள் பயணம் போவதைவிட, அங்கேயே இருக்கும் ஆய்வாளருக்கு ஒரு நாள் கூலி கொடுப்பது எவ்வளவோ மேல். மூன்றாவது, இரண்டு சான்றுகள் ஒன்றோடொன்று முரண்பட்டு, வீட்டில் இரு கட்சி ஆகிவிட்டபோது. வெளியாளுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

எந்த அலுவலகம் என்று தெரியாமல் அலைவதற்காக மட்டும் காசு கொடுக்காதீர்கள். காரைக்குடி, தேவகோட்டைப் பகுதி 1910 வரை மதுரை மாவட்டம், 1910 முதல் 1985 வரை ராமநாதபுரம், அதன்பின் சிவகங்கை. ராயவரம், கோனாபட்டு, நச்சாந்துபட்டி, மேலைச்சிவபுரி போன்ற ஊர்கள் 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானம், 1974 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டம், பிறகு புதுக்கோட்டை மாவட்டம். ஊரும் ஆண்டும் தெரிந்தால் எந்த மாவட்டப் பெயரில் கேட்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போகும் முன் இதை எழுதிக்கொண்டு போங்கள்.

பதிவு அலுவலகத்தில் நகல் கேட்க உங்களுக்கே உரிமை இருக்கிறது. 1908 பதிவுச் சட்டம் 57-ஆம் பிரிவின்படி, அசையாச் சொத்து ஆவணங்கள் பதிவாகும் முதல் புத்தகத்தை யாரும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். உயில் பதிவாகும் மூன்றாம் புத்தகத்தின் நகல், எழுதியவர் இறந்த பிறகு யார் கேட்டாலும் கிடைக்கும். முன்னோரின் உயிலைப் போல மகன், மகள், பேரன் என்று வரிசையாகச் சொல்லும் ஆவணம் வேறில்லை.

நல்ல ஆய்வாளரை எப்படி அறிவது? இதற்கு உரிமம் ஏதும் உண்டா?

அமெரிக்காவில் வம்சாவளி ஆய்வாளர்களுக்குச் சான்றளிக்கும் வாரியம் 1964 முதலும், பிரிட்டனில் இத்தகைய ஆய்வாளர்களின் சங்கம் 1968 முதலும் இருக்கின்றன. இங்கே அப்படி உரிமம் எதுவும் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். அதனால் ஆளைவிட அவர் முன்பு எழுதிய அறிக்கையைப் பாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் "இது எங்கிருந்து" என்ற குறிப்பு இருக்கிறதா? தேடியும் கிடைக்காத இடங்களைச் சொல்லியிருக்கிறாரா? இரண்டும் இருந்தால் நம்பலாம்.

தேடும் உழைப்புக்குத்தான் கூலி, கண்டுபிடிப்புக்கு இல்லை என்பதை நீங்களும் ஏற்க வேண்டும். "பெயர் கிடைத்தால்தான் பணம்" என்று பேரம் பேசினால் பெயர் எப்படியாவது கிடைத்துவிடும், உண்மையாக இருக்காது. கேள்வி என்ன, எந்தெந்த ஆவணம், எத்தனை நாள் என்று எழுதி வாங்கிக்கொண்டு, கட்டம் கட்டமாகப் பணம் கொடுங்கள். மூல ஆவணத்தை எந்தக் காரணத்துக்காகவும் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள், படமோ நகலோ போதும். எங்கள் உறவில் ஒரு குடும்பம் ஐந்து ஏடுகளைக் கொடுத்துவிட்டு மூன்றைத்தான் திரும்பப் பெற்றது.

ஒருவர் காவிரிப்பூம்பட்டினம் வரை வம்சத்தை எழுதித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

வேண்டாம். பூம்புகாரிலிருந்து வந்தோம் என்பது நம் மரபு, அதை நான் பெரிதும் மதிக்கிறேன். சமூகம் முழுவதற்குமான அந்த நினைவை ஒரு தனி வீட்டின் பெயர்ப் பட்டியலாக மாற்ற, இடையில் ஒவ்வொரு தலைமுறைக்கும் சான்று வேண்டும். நான் பார்த்த அத்தகைய பட்டியல் ஒன்றில் மேல் பத்துத் தலைமுறைக்கு ஒரு ஏடும் காட்டப்படவில்லை. வீட்டு ஏடுகளால் ஏழெட்டுத் தலைமுறை உறுதியானால் அது பெரும் பேறு. அதற்கு மேல் கோடு போட்டு "மரபுப்படி" என்று எழுதுங்கள்.

எங்கள் ஐயா பர்மாவில் கடை வைத்திருந்தார். 1942-இல் எல்லாம் போய்விட்டது. அந்தப் பக்கம் தேட வழி உண்டா?

உண்டு. ஜப்பானியர் வந்தபோது கால்நடையாக வந்தவர்கள் கணக்கைச் சுமந்து வரவில்லை. ஆனால் நீதிமன்றத் தீர்ப்புகள் அச்சாகி இருக்கின்றன. ரங்கூன், சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்புத் தொகுதிகளில் செட்டியார் விலாசங்கள் ஏராளம். பாகம், சுவீகாரம், கடன் வழக்குகளில் கொடிவழியையே நீதிபதி எழுதியிருப்பார். இவற்றில் பலவும் இன்று இணையத்தில் இலவசமாகத் தேடக் கிடைக்கின்றன. விலாசத்தை ஆங்கில எழுத்தில் ஐந்தாறு விதமாக மாற்றி எழுதித் தேடுங்கள்.

மலேயா, சிங்கப்பூர் என்றால் இன்னும் வசதி. சிங்கப்பூர்த் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை இணையத்தில் வைத்திருக்கிறது. மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் (செட்டியார்களின் கடையும் தங்குமிடமுமான கட்டடங்களில்) இருந்தவர்களின் ஏல அறிவிப்பும் முகவர் மாற்ற அறிவிப்பும் அதில் கிடைக்கும். டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் 1859-இல் எழுந்தது, அங்கே உபயம் செய்த குடும்பங்களைப் பற்றியும் விசாரிக்கலாம். இந்தப் பக்கத்தில், காரைக்குடியிலிருந்து வந்த "ஊழியன்", "குமரன்" போன்ற பழைய இதழ்களைப் புரட்டிப் பாருங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த பெருந்தொகுப்பு இன்று சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. "உங்கள் ஐயாவுக்கு அங்கே சொத்து நிற்கிறது, மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று யாராவது வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

பெண்களின் பெயரே எந்த ஏட்டிலும் இல்லையே?

அண்டாக் கதையை மேலே சொன்னேன். இசைகுடிமானம், மொய்ப்பண ஏடு, ஜாதகம், உயில் ஆகிய நான்கிலும் பெண்கள் இருக்கிறார்கள். பேத்திக்கு அப்பத்தா அல்லது ஆயா (அம்மாவின் அம்மா) பெயர் இடும் வழக்கமும் உதவும். நோட்டில் ஆணுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் பெண்ணுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பிறந்த ஊர், கோயில், உடன்பிறந்தோர் என்று கட்டம் போட்டுவிட்டால் வெறுமையாக நிற்கும் கட்டமே உங்களைத் தேடவைக்கும்.

எங்கள் பாட்டனார் பிள்ளை கூட்டி வந்தவர். எந்த வழியை எழுதுவது?

இரண்டையும் எழுதுங்கள். சுவீகாரம் வந்தவர் கூட்டிக்கொண்ட வீட்டின் விலாசத்துக்கும் உரிமைக்கும் உரியவர். படைப்பும் அந்த வீட்டுக்குத்தான். கொடிவழியில் முழுக்கோடு அங்கே போகட்டும், பிறந்த வீட்டுக்குப் புள்ளிக்கோடு இடுங்கள். செட்டிநாட்டில் சுவீகாரம் மிகுதி என்பதால், ஏட்டில் ஒருவரின் விலாசம் திடீரென்று மாறினால் முதலில் இதைத்தான் எண்ணிப் பார்க்க வேண்டும். பாதிச் சிக்கல்கள் இங்கே அவிழ்ந்துவிடும்.

மரபணுச் சோதனை செய்தால் இந்தத் தொல்லையெல்லாம் தீராதா?

தீராது. தந்தைவழிச் சோதனை இரத்த வழியைக் காட்டும், முந்தைய பதிலில் சொன்ன சுவீகாரத்தை அது அறியாது. பொதுச் சோதனையிலோ, அத்தை மகள், அம்மான் மகள் என்று உறவுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக மணம் முடித்த குடும்பங்களில், தூரத்து உறவும் நெருங்கிய உறவு போலக் காட்டும். வெளிநாட்டில் பிரிந்துபோன ஒரு கிளையைத் தேடுவதானால் மட்டும் செய்து பாருங்கள். வீட்டில் யாரும் எதிர்பாராத உண்மை வெளிவரலாம் என்பதை எல்லாரிடமும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

நாங்கள் நகரத்தார் அல்ல. எங்களுக்கு இந்தப் பக்கத்தால் என்ன பயன்?

கேட்டதற்கு நன்றி. இந்த வீடுகளைக் கட்டிய கொத்தனார்களும் ஆசாரிகளும், ஐயனாருக்குப் புரவி செய்யும் வேளார்களும் இல்லாமல் செட்டிநாடு இல்லை. உங்களுக்குக் குலதெய்வக் கோயில் வரிக் கணக்கே முதல் ஏடு. அடுத்தது பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பட்டா, 1952 முதலான தேர்தல்களின் வாக்காளர் பட்டியல்.

வீடு கட்டிய செலவுப் பேரேடு எந்த வீட்டிலாவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். கூலி வாங்கியவர் பெயரும் ஊரும் அதில் இருக்கும். அந்த ஏட்டை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கேட்டு வருபவருக்குக் காட்டுங்கள். அது அவர்கள் பாட்டனாரின் கையுழைப்புக் கணக்கு.

எழுதி முடித்த கொடிவழியை வாரிசுச் சான்றிதழுக்குக் கொடுக்கலாமா?

அது வேறு வேலை. வாரிசுச் சான்றிதழ் தாசில்தார் விசாரித்துத் தருவது. வழக்கு என்றால் வழக்கறிஞரிடம் போங்கள். நீங்கள் சேர்த்த பிறப்பு, இறப்புப் பதிவு நகல்களும் பத்திர நகல்களும் அவருக்கு உதவும், வரைந்த படம் மட்டும் உதவாது.

பெரியவர்கள் மறைத்து வைத்த செய்தி ஒன்று கிடைத்தது. எழுதுவதா, விடுவதா?

இதுதான் எனக்கு இன்றும் கடினமான கேள்வி. இரண்டாம் மனைவி, ஊரைவிட்டு விலக்கப்பட்டவர், வெளிநாட்டில் இருந்த இன்னொரு குடும்பம் எல்லாம் ஏட்டைப் புரட்டினால் வரத்தான் செய்யும். பொய்யாக எதையும் எழுத மாட்டேன் என்பதில் உறுதியாக இருக்கிறேன். உயிரோடு இருப்பவரைப் புண்படுத்தும் செய்தியை வீட்டுப் பிரதியில் மட்டும் எழுதி, நாளும் ஆவணமும் குறித்து, உறையிலிட்டு வைக்கிறேன். அச்சிட்டுப் பங்காளிகளுக்குக் கொடுக்கும் பிரதியில் அந்த இடம் காலியாக இருக்கும்.

ஒருமுறை அப்படி விட்ட இடத்தைப் பார்த்துவிட்டு, எண்பது வயது ஆச்சி ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டார். "அந்தப் பிள்ளைக்கும் பெயர் இருந்தது, எழுதிக்கொள்" என்று பெயரைச் சொன்னார். அவர் முன்னிலையிலேயே, அவர் கொடுத்த பேனாவால் எழுதினேன்.